காத்திருப்பவர் மனம்

பிறர் துன்பத்தைத் துடைக்க விரும்பும் ஒருவர், அவ்விருப்பம் நிறைவேறுவதற்காகப் பிறர் துன்பத்தையே எதிர்நோக்கியிருக்க நேர்ந்தால், அவர் மனம் குற்றமுடையதாகுமா? இக்கேள்வியை நாம் கற்பனையாக எழுப்பவில்லை. அந்தமானிலிருந்து ஒரு செவிலியர் நமக்கு எழுதிய கடிதத்தில் இது அடங்கியிருந்தது. பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டபடியால் விவரத்தை மட்டும் கூறுவோம்.

அவருடைய பாட்டனார் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையினின்று தாயகம் திரும்பி, நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கச்சாலில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளியாகக் குடியமர்ந்தவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி அத்தீவின் கரையை வாரிச் சென்றபோது இப்பெண்ணுக்கு வயது எட்டு. அதன்பின் தகரக் கொட்டகையில் வாழ்ந்த மாதங்களை அவர் மறக்கவில்லை. நண்பகலில் உள்ளே இருக்க முடியாதாம். அங்கே தம் காலிலிருந்த புண்ணுக்கு நாள்தோறும் மருந்திட்ட ஓர் அம்மையாரைப் பார்த்தே தாமும் செவிலியரானார். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில் இன்று வேலை பார்க்கிறார்.

போராலும் வெள்ளத்தாலும் நலிந்த அயல்நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் சர்வதேச நிவாரண நிறுவனம் ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்தார். ஐந்து மாதம் பதிலில்லை. பிறகு எழுத்துத் தேர்வு. மீண்டும் மூன்று மாத மௌனம். அடுத்துக் கணினித் திரை வழியே நேர்முகம். (2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி அத்தீவுகளுக்குச் செயற்படத் தொடங்கியது. அதற்கு முன்பு, செயற்கைக்கோளை நம்பியிருந்த நாட்களில், இத்தகைய நேர்முகம் எளிதில் கைகூடியிராது.) பின்னர் முந்தைய மேலதிகாரிகளிடம் விசாரணை, உடற்பரிசோதனை. பதினான்கு மாதம் கழிந்தபின் ஒரு கடிதம் வந்தது: நீங்கள் தேர்ச்சி பெற்றீர்கள், தகுதிப் பட்டியலில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது, தேவை ஏற்படும்போது அழைப்போம்.

தேவை என்பது யாது? எங்கோ ஓர் ஊர் அழிவதுதான்.

2025 மார்ச்சு 28ஆம் நாள் மியான்மரில் மாண்டலே நகருக்கருகே நிலம் நடுங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தமானுக்கு அது அண்டை நாடு. செய்தி கேட்டவுடன், “இனி என்னை அழைப்பார்கள்” என்ற எண்ணமே தமக்கு முதலில் எழுந்ததென்றும், மறுகணமே தம்மைக் கண்டு தாமே கூசியதாகவும் அவர் எழுதுகிறார். “ஐயா, ஒருநாள் கடல் கொண்டுபோன வீட்டின் பிள்ளை நான். எனக்கே இப்படித் தோன்றலாமா? எனக்கிருப்பது இரக்கமா, உத்தியோக ஆசையா?” என்று கேட்கிறார். அழைப்பும் வரவில்லை.

இக்கடிதத்தை நம் சங்கத்தில் படித்துக் காட்டியபோது, இத்தனை வாயில்கள் எதற்கு, நல்லெண்ணம் உள்ளவரை உடனே அனுப்பினால் என்ன என்று இளைஞர் சிலர் சினந்தனர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. நல்லெண்ணம் மட்டும் ஓடிவந்தால் என்னவாகும் என்பதை நாகப்பட்டினத்தார் அறிவர். ஆழிப்பேரலைக்குப்பின் யாரும் உடுத்த இயலாத பழந்துணி மூட்டைகள் அங்கே சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அது துணி, மனிதர் செய்யும் தீங்கு அதனினும் கொடிது. 2010ஆம் ஆண்டின் நிலநடுக்கத்துக்குப்பின் ஹைட்டி நாட்டுக்கு உதவச் சென்ற ஆக்ஸ்பாம் நிறுவனத்தின் ஊழியர் சிலர் அங்கே நடத்திய ஒழுக்கக்கேடு 2018இல் உலகறிய வெளிப்பட்டது. இத்தகையோர் ஓரிடத்தில் விலகி வேறிடத்தில் சேர்ந்துவிடாதபடி, பழைய நிறுவனத்திடம் நடத்தையைக் கேட்டறியும் ஏற்பாடு ஒன்றைப் பல நிறுவனங்கள் கூடி 2019இல் தொடங்கின. அந்த விசாரணைக்கும் நாட்கள் ஆகும், ஆகட்டும். பசித்தவனும் காயம்பட்டவனும் தம்மிடம் வருபவர் யாரெனத் தெரிந்தெடுக்கும் நிலையில் இல்லை. அவர்கள் சார்பில் யாரேனும் வாயிலில் நின்று ஆராய்ந்தே தீரவேண்டும். நிக்கோபார்ப் பழங்குடியினரின் நிலத்துக்குள் பிறர் நுழைய 1956ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதும் இவ்வகைக் காவலே.

ஆயினும் ஆராய்வது வேறு, வாய்திறவாதிருப்பது வேறு. ஐக்கிய நாடுகள் சபையின் செயலகம் ஆளெடுப்பை 120 நாட்களில் முடிக்கவேண்டும் என்று இலக்கு வைத்தது; பல ஆண்டுகள் அவ்விலக்கு எட்டப்படவில்லை. 2025இல் அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவி நிறுவனம் மூடப்பட்டபின், வேலையிழந்த அனுபவசாலிகளும் இந்த வரிசையிலேயே வந்து நிற்கின்றனர். ஆகவே இடமில்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடலாம். எழுதாதிருப்பது, நம் கருத்தில், ஒருவகைக் கொடுமை. இந்த மௌனத்தில்தான் தரகர் நுழைகிறார். ஐக்கிய நாடுகள் சபை ஆளெடுப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் கேட்பதில்லை. கேட்பவர் எவராயினும் ஏமாற்றுக்காரர் என்று அன்பர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இனி அந்தக் கூச்சத்தைப் பற்றி. இதை நாம் நூலில் படித்து அறியவில்லை. பஞ்சாலையில் நாம் ஏழு ஆண்டுகள் பதிலித் தொழிலாளியாக இருந்தோம். விடியுமுன் வாயிலில் நிற்கவேண்டும். நிரந்தரத் தொழிலாளி எவரேனும் வராவிடில் பதிலியை உள்ளே அழைப்பர், அன்று கூலி உண்டு. எல்லாரும் வந்துவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். அந்த வாயிலில் நின்றவர் எவரும் பிறருக்குக் கேடு நினைப்பவர் அல்லர். ஆயினும் சங்கு ஊதும் நேரத்தில் எங்கள் எல்லார் நெஞ்சிலும் ஒரே வேண்டுதல்தான்: இன்று யாராவது வராதிருக்கட்டும்.

நூற்புப் பகுதியில் இருமலால் வருந்திய முதியவர் ஒருவர் இருந்தார். அவர் வரும் வழியையே நாம் பார்த்திருப்போம். ஒருமுறை அவர் படுத்துவிட்டார்; நமக்குப் பதினோரு நாள் வேலை கிடைத்தது. கூலி வாங்கிய அன்று மனம் பொறாமல் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீடு சென்றோம். நம் எண்ணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாக இருந்தோம். அவர் முந்திக்கொண்டார். “என் இடத்தில் நீதானா நிற்கிறாய்? சன்னலோரக் கதிர்களில் காற்றுப்பட்டு நூல் அடிக்கடி அறும், தம்பி. அங்கே முதலில் பார்” என்றார். மன்னிப்புக் கேட்க இடமில்லாமல் போயிற்று. மறுநாள் அப்பக்கத்தை முதலில் பார்த்தோம். அவர் சொன்னபடியே இருந்தது. அன்றுமுதல் வாயிலில் நிற்கும்போதும் அவர் நமக்கு இடத்தை அடைத்துக்கொண்ட ஆளாகத் தோன்றவில்லை.

ஆகவே அச்செவிலியருக்கு நாம் எழுதிய பதில் சுருக்கமானது. முதலில் எழுந்த எண்ணம் உங்கள் நிலை எழுப்பியது. பட்டியலில் வைத்துக் காத்திருக்கச் செய்தால் எவர் மனத்திலும் அது எழும். இரக்கமும் உத்தியோக ஆசையும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடாதென்று யார் சொன்னது? ஊதியம் வாங்கியவர்தானே உங்கள் புண்ணுக்கும் மருந்திட்டார். எண்ணத்தைக் கண்டு கூசியபின் என்ன செய்தீர்கள் என்பதே கேட்கத்தக்கது. அந்த ஊர் மக்கள் எதை உண்பர், காயத்தை எப்படிக் கட்டுவர், எந்த மொழியில் வலி என்பர் என்று ஒரு நாழிகை அறிந்துகொண்டீர்களானால், அவர்கள் உங்களுக்கு வேலைவாய்ப்பாக மட்டும் இருக்கமாட்டார்கள்.

அவர் கடிதத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தார். இவ்விண்ணப்பங்களில் “நீங்கள் நெருக்கடியில் செய்தது என்ன” என்று வினவுவார்களாம். சிறிது பெருக்கி எழுதாதவர் தேறுவதில்லை என்று தோழியர் அறிவுறுத்தினராம். பொய் விலக்கும் சீலத்தை ஏற்ற நாம் இதற்கு வேறு விடை சொல்ல முடியாது. மேலும் பத்துப் பேரை நடத்தியதாக எழுதியவரை நம்பி, கூடாரத்தில் பத்துப் பேரை ஒப்படைப்பார்கள். அப்போது அப்பொய்க்கு விலை கொடுப்பவர் படுக்கையில் இருப்பவர்.

சென்ற மாதம் மீண்டும் எழுதியிருக்கிறார். பழைய பட்டியலில் பெயர் அப்படியே உள்ளது, அழைப்பில்லை. வேறொரு நிறுவனத்துக்கும் விண்ணப்பம் நிரப்பியிருக்கிறார். முந்தைய விண்ணப்பத்தில் “பத்துப் பேர் கொண்ட குழுவை நடத்தினேன்” என்று எழுதியிருந்த இடத்தில், இம்முறை “மூவரோடு வேலை செய்தேன்” என்று எழுதினாராம்.