ஓடுறது மாடு, வேண்டிக்கிறது நான்: பந்தயத்துக்கு முன்னாடி முருகன்கிட்ட என்ன கேக்கணும்?

 

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு சித்தப்பா பையன்கிட்ட இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். ஊரு சின்னமனூர். காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். "அண்ணே, அடுத்த மாசம் வண்டிப் பந்தயத்துல நான்தான் ஓட்டப் போறேன். முதல் தடவை. ஜெயிக்கணும்னா முருகனுக்கு என்ன வேண்டிக்கணும்? உங்க குரூப்புல கேட்டுச் சொல்லுங்கண்ணே."

"வேலும் மயிலும் துணைடா தம்பி"ன்னு பதில் போட்டுட்டுப் படுத்துட்டேன். ஆனா தூக்கம் வரல.

பரீட்சைக்கு வேண்டிக்கிறோம், இன்டர்வியூவுக்கு வேண்டிக்கிறோம். அதுல ஒரு சிக்கலும் இல்ல. வேண்டிக்கிறதும் நாமதான், உக்காந்து எழுதுறதும் நாமதான். பந்தயத்துல அப்படி இல்லையே. ஜெயிக்கணும்னு நினைக்கிறது ஒருத்தர், மூச்சு வாங்க ஓடுறது இன்னொரு உயிர். அந்த உயிர்கிட்ட யாரும் "உனக்குச் சம்மதமா?"ன்னு கேக்கல. அப்போ 'ஜெயிக்க வை முருகா'ன்னு நாம கேக்கிறது யாரோட உழைப்பை வச்சு?

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்க கம்பம் பள்ளத்தாக்குல இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம்னா ஊரே ரோட்டோரம் வந்து நிக்கும். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடுன்னு மாட்டோட அளவுக்குத் தக்கபடி பிரிவு பிரிப்பாங்க. தார் ரோட்டுல குறிப்பிட்ட மைல் போய், திரும்பி வரணும். கயித்தைப் பிடிச்சு ஓட்டுறவர்தான் சாரதி. தம்பி இறங்கப் போறது பூஞ்சிட்டுப் பிரிவுல.

இது சரியா தப்பான்னு நாடே விவாதிச்சது உங்களுக்கே தெரியும். 2014 மே 7-ல உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோட சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை பண்ணுச்சு. 2017-ல மெரினா போராட்டம், அதுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசோட சட்டத் திருத்தம். 2023 மே 18-ல ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லிருச்சு. சரி, பந்தயம் நடத்தலாம்னு சட்டம் சொல்லிருச்சு. கயித்தைப் பிடிக்கிற கை எப்படி இருக்கணும்னு எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. அதை அந்தக் கைக்குச் சொந்தக்காரன்தான் முடிவு பண்ணணும்.

எனக்கு ஏன் தூக்கம் வரலைன்னு இப்போ சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படி ஒரு முதல் போட்டியில இறங்குனவன்தான். மாடு இல்ல, குதிரை.

வேலைக்காகப் பெங்களூரு வந்தப்புறம் சனி ஞாயிறுல குதிரை ஏற்றம் கத்துக்கிட்டேன். கத்துக்குட்டிகளுக்காக ஒரே நாள்ல நடக்கிற ஈவென்டிங் போட்டி ஒண்ணுல பேரு கொடுத்தேன். அதுல மூணு கட்டம். முதல்ல டிரெஸ்ஸாஜ்: குதிரை அமைதியா, சொன்ன பேச்சு கேட்டு நடந்து, ஓடி, வட்டம் போட்டுக் காட்டணும். ரெண்டாவது ஷோ ஜம்பிங்: மைதானத்துல தடைக்கம்புகளைத் தாண்டணும், கம்பு விழுந்தா 4 புள்ளி அபராதம். மூணாவது கிராஸ் கன்ட்ரி: திறந்தவெளியில மரக்கட்டை, பள்ளம்னு நகராத தடைகளைத் தாண்டி ஓடணும். தடைக்கு முன்னாடி குதிரை மாட்டேன்னு நின்னுட்டா 20 புள்ளி அபராதம். யாருக்கு அபராதம் கம்மியோ அவங்கதான் ஜெயிச்சவங்க.

எனக்குக் கொடுத்தது 16 வயசான ஒரு பெண்குதிரை. என்னை மாதிரி எத்தனையோ பேரைச் சுமந்து பழகுனது. முதல் ரெண்டு கட்டமும் சுமாரா முடிஞ்சது. மூணாவதுல, நாலாவது தடை. முழங்கால் உயரம் கூட இல்லாத ஒரு மரக்கட்டை. அதுக்கு முன்னாடி வந்து நின்னுருச்சு.

பின்னாடி நண்பர்கள் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நொடியில என் மனசுல முருகன் இல்ல, குதிரையும் இல்ல. 'மானம் போச்சு' மட்டும்தான் இருந்தது. திருப்பிக் கொண்டு வந்து, குச்சியால ஓங்கி ஒரு அடி அடிச்சேன். தாண்டிருச்சு. போட்டியை முடிச்சேன். கடைசியில இருந்து மூணாவது இடம். "முருகா, முடிச்சுட்டோம்!"னு ஸ்டேட்டஸ் வச்சேன். ஏகப்பட்ட வாழ்த்து வந்தது.

சாயங்காலம் அது லாயத்துல புல்லு மேஞ்சுக்கிட்டு இருந்தது. காலைத் தொட்டுப் பார்த்தேன், காயம் எதுவும் இல்ல. அது ஏன் நின்னுச்சு? பயமா, வலியா, அசதியா, இல்ல நான்தான் கடிவாளத்தைத் தப்பா இழுத்தேனா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப் போறதில்ல. தெரிஞ்சுக்க ஒரே ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில நான் அடிச்சேன்.

நான் மட்டும் இல்ல, உலகத்துலயே பெரிய மேடையிலயும் இது நடந்திருக்கு. 2021 ஆகஸ்ட் 6, டோக்கியோ ஒலிம்பிக்ஸ், மாடர்ன் பென்டத்லான். அதுல வீரர்களுக்குச் சொந்தக் குதிரை கிடையாது. குலுக்கல்ல வர்ற குதிரையோட 20 நிமிஷம் பழகிட்டு ஏறணும். முதலிடத்துல இருந்த ஜெர்மனி வீராங்கனைக்கு வந்த செயின்ட் பாய்ங்கிற குதிரை, போக மாட்டேன்னு நின்னுருச்சு. அவங்க அழுதுகிட்டே அடிச்சாங்க. வேலிக்கு வெளிய நின்ன பயிற்சியாளர் குதிரையைக் கையால குத்துனாங்க. உலகமே டிவியில பார்த்தது. பயிற்சியாளரைப் போட்டியில இருந்து வெளியேத்துனாங்க. 2024 பாரிஸுக்கு அப்புறம் அந்த விளையாட்டுல இருந்து குதிரை ஏற்றத்தையே எடுத்துட்டாங்க.

அதே ஒலிம்பிக்ஸ்ல, 5 நாள் முன்னாடி, ஆகஸ்ட் 1. ஈவென்டிங் கிராஸ் கன்ட்ரி. நம்ம பெங்களூரு ஃபௌவாத் மிர்சா, சென்யர் மெடிகாட்ங்கிற குதிரையோட ஓடுனார். 2018 ஆசியப் போட்டியில தனிநபர், குழுன்னு ரெண்டு வெள்ளி வாங்குன ஜோடி. 20 வருஷத்துக்கு அப்புறம் ஒலிம்பிக்ஸ் குதிரையேற்றத்துல ஒரு இந்தியர். கடைசியில 23-வது இடம். அதே நாள், அதே பாதையில, சுவிட்சர்லாந்தோட ஜெட் செட்ங்கிற 14 வயசுக் குதிரைக்கு முடியப் போற நேரத்துல கால் தசைநார் கிழிஞ்சது. குணமாக்க வழியில்லன்னு கருணைக்கொலை பண்ணிட்டாங்க. அந்த வீரர் எந்தக் கொடுமையும் பண்ணல. எல்லாம் சரியா செஞ்சும் நடந்தது. ஒருத்தரோட ஆசைக்காக ஓடுற உயிர் என்ன விலை கொடுக்க வேண்டி வரலாம்னு அன்னைக்குப் புரிஞ்சது.

'அப்போ எல்லாத்தையும் நிறுத்திரலாமே'ன்னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்விதான். என்கிட்ட முழுசா பதில் இல்ல. உழவுக்கும் பாரத்துக்கும் பாலுக்கும் மாட்டோட சேர்ந்தே வாழ்ந்த ஊர்ல பிறந்தவன் நான். பந்தயம் நின்னா அந்த மாட்டை யாரு வளர்ப்பாங்கங்கிற கேள்வியும் எங்க ஊர்ல நிஜம். ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு உறுதியா தோணுது. 'மாட்டேன்'னு அது சொல்றப்ப கேக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் 'ஓடு'ன்னு சொல்ற உரிமை உண்டு.

இப்போ நம்ம முருகன்கிட்ட வருவோம்.

சூரபத்மனை வதம் பண்ணி மயிலாவும் சேவலாவும் ஆக்கிக்கிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். எதிரியைக் கூடத் தூக்கி எறியல. ஒரு பாதியை வாகனமா வச்சுக்கிட்டார், மறுபாதியைக் கொடியில ஏத்திக்கிட்டார். ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி ஞாபகம் வந்தது மாம்பழக் கதை. யோசிச்சுப் பாருங்க, அதுவும் ஒரு பந்தயம்தான். நம்ம முருகன் வாகனத்துல ஏறி ஓடுன பந்தயம். அதுல அவர் தோத்தார்! உலகத்தையே சுத்தி வந்து பார்த்தா, அண்ணன் அம்மா அப்பாவைச் சுத்திட்டு பழத்தை வாங்கிட்டார்.

(சூரசம்ஹாரத்துக்கு முன்னாடியே மயில் எங்கிருந்து வந்துச்சுன்னு கமென்ட் போடாதீங்க! மந்திர மயில், தேவ மயில், அசுர மயில்னு மூணு மயில் உண்டுன்னு பெரியவங்க சொல்லுவாங்க.)

தோத்ததும் முருகனுக்குக் கோபம் வந்தது. அதை யாரும் மறைக்கல. கோவிச்சுக்கிட்டுத்தான் பழனி மலைக்குப் போனார். அந்தக் கோபம் அப்பா மேல, அம்மா மேல. ஆனா மயில் மேல கோபப்பட்டார்னு நான் கேட்டு வளர்ந்த கதையில எங்கயுமே இல்ல. 'நீ வேகமா பறந்திருந்தா ஜெயிச்சிருப்பேன்'னு ஒரு வார்த்தை சொல்லல. தன் தோல்வியைத் தன்னைச் சுமந்த உயிர் மேல இறக்கி வைக்கல. நான் ஒரு மரக்கட்டைக்கு முன்னாடி செஞ்சது அதுக்கு நேர்மாறு.

மறுநாள் தம்பிக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ ஜெயிக்கணும்னு நினைக்கக் கூடாதாண்ணே?"ன்னான்.

"நினைக்கணும்டா. ஜெயிக்க மனசு இல்லாம கயித்தைப் பிடிச்சா அதுவும் மாட்டுக்கு ஆபத்துதான். ஆனா அந்த ஆசை உனக்குள்ள ஏற்கனவே நிறைய இருக்கு. இருக்கிறதைப் போய் முருகன்கிட்ட ஏன் கேக்கிற? இல்லாததைக் கேளு."

"என்னண்ணே இல்ல?"

"ஊரே கத்துறப்ப மாட்டோட மூச்சு கேக்கிற காது. தேவைப்பட்டா எல்லார் முன்னாடியும் கயித்தை இழுத்து நிறுத்துற தைரியம். அது எனக்கு அன்னைக்கு இல்லடா."

சில நாடுகள்ல கத்துக்குட்டிகளுக்கான ஈவென்டிங் போட்டியில ஒரு நல்ல விதி இருக்கு. குறிச்ச நேரத்தை விட ரொம்ப வேகமா வந்தாலும் அபராதம். புதுசா வர்றவனுக்கு முதல்ல கத்துக் கொடுக்கிறதே 'வேகம் மட்டும் பெருமை இல்ல'ங்கிறதைத்தான். எங்க ஊர்ல அப்படி எழுதி வச்ச விதி இல்ல. ஆனா எங்க சித்தப்பா இருக்கார்.

20 வருஷமா பந்தய மாடு வளர்க்கிறவர். நான் பேசுறதைப் பக்கத்துல இருந்து கேட்டுட்டுப் போனை வாங்குனார். "என்னப்பா, பெரிய பெரிய விஷயமெல்லாம் பேசுற? நான் சுருளி வேலப்பர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். மாடு வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணியில வாய் வைக்கணும். அது வாய் வச்சாத்தான் எனக்குப் பந்தயம் முடிஞ்ச மாதிரி. கப்பு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்."

நான் இவ்வளவு நீளமா எழுதுனதை அவர் மூணு வரியில சொல்லிட்டார்.

இன்னும் மூணு வாரம் இருக்கு. தம்பி இந்த ஞாயித்துக்கிழமை சுருளி அருவியில குளிச்சுட்டு வேலப்பரைப் பார்க்கப் போறானாம். தார்க்குச்சியை வீட்டுலயே வச்சிரப் போறேன்னு சொல்லியிருக்கான். அன்னைக்கு, ஊரு கத்துற நேரத்துல அவன் மனசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிறவங்க அவனுக்காக ஒரு தடவை முருகனை நினைச்சுக்கோங்க. அவன் ஜெயிக்கணும்னு கேக்க வேண்டாம். அந்த ரெண்டு மாடும் நல்லபடியா வீட்டுக்கு வந்து தண்ணி குடிக்கணும்னு கேளுங்க.

வேலும் மயிலும் துணை! முருகா சரணம்!