இந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பது யார்?

விடுமுறைக்குத் தனியே சென்னை செல்லும் மன்னார் இளைஞன் ஒருவன், கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டரில் ஏறுகிறான் என வைத்துக்கொள்வோம். அடிவயிறு கலங்க அலறுகிறான், சிரித்துக்கொண்டே இறங்குகிறான். இதில் குற்றம் ஏதுமில்லை. பணம் கொடுத்தவனும் அவனே, பயந்தவனும் அவனே.

டொல்பின் காட்சி அப்படியன்று. சீட்டு வாங்குவது நாம். விலை கொடுப்பதோ டொல்பின். 1998இல் சென்னைக்கு அருகே அத்தகைய பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டொல்பின்கள் சில மாதங்களிலேயே மாண்டன. 2013இல் இந்திய அரசு இக்காட்சியகங்களுக்குத் தடை விதித்தது.

“நாம் எதையும் அடைத்து வைக்கவில்லையே” என்று நாம் தப்பிவிடலாமா? நமது கடலில் கடற்புல் மேய்ந்த கடற்பன்றியை இறைச்சிக்காக வேட்டையாடியவர் யார்? சட்டம் தடுத்த பின்னரும் இரகசியமாய்ப் பங்கிட்டவர் யார்? பசிக்காக என்பீர்கள். பசிக்கு மீன் இருந்தது, இது ருசிக்காக. இன்று அதைக் காண்பதே அரிது.

பெற்றோரே, பிள்ளைகளின் உல்லாசத்தைத் தடுக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மகிழ்ச்சிக்கு முன்பும் ஒரு கேள்வி கேட்க அவர்களைப் பழக்குங்கள்: இதற்கு விலை கொடுப்பது நானா, வாயில்லாத இன்னோர் உயிரா? நாமும் கேட்டுப் பழகுவோம்.