தெரிந்தவனின் மௌனம்

பொய் சொல்லாமல் இருப்பது வேறு. உண்மையைச் சொல்வது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டு நம்மில் பலர் நிம்மதியாகத் தூங்குகிறோம். இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். ஆனால் அரிச்சந்திரனிடமிருந்து தொடங்கப் போவதில்லை. நம் காலத்துப் பிழைப்பு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களின் பிழைப்பு அது.

என் அக்காள் மகன் சென்னையில் அந்த வேலையில் இருக்கிறான். அவன் நாள் முழுவதும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவான் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அவனைக் கேட்டால் சிரிப்பான். “எழுதறது கொஞ்ச நேரம்தான், மாமா. மிச்ச நேரமெல்லாம் தப்பு எங்கேன்னு தேடறதுதான்” என்பான்.

காலையில் போனதும் குழுவில் உள்ளவர்கள் கால் மணி நேரம் கூடுவார்கள். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்வது, வேலை எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். பிறகு அவரவர் நாற்காலி. முன்னால் கிடப்பது பெரும்பாலும் வேறு யாரோ எழுதியது. எழுதியவர் ஐந்து வருஷத்துக்கு முன்பே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். ஏன் அப்படி எழுதினார் என்று கேட்க ஆள் இல்லை. ஒரு புகார் வந்திருக்கும். மாதத்தின் கடைசித் தேதியில் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் வட்டி தவறாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தத் தவறு தன் கண் முன்னால் மறுபடி நிகழும்படி செய்யவேண்டும். அதற்கே ஒரு பகல் போய்விடும். பிறகு புரோகிராமைப் பாதி பாதியாகப் பிரித்து, கோளாறு இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். கடைசியில் அகப்படுவது ஒரே ஒரு குறியாக இருக்கும். ‘கடைசித் தேதி வரை’ என்று இருக்கவேண்டிய இடத்தில், ‘கடைசித் தேதிக்கு முன்பு’ என்ற பொருளில் ஒரு குறி விழுந்திருக்கும். ஒரு குமாஸ்தாவிடம் அப்படிச் சொல்லியிருந்தால், “கடைசித் தேதியும் சேர்த்துத்தானே, ஐயா?” என்று கேட்டிருப்பான். யந்திரம் கேட்பதில்லை. நாம் சொன்னதைச் செய்கிறது. நாம் நினைத்தது அதற்குத் தெரியாது.

இவர்களுடைய உலகத்தில் விசித்திரமான பதிவேடு ஒன்று உண்டு. கிட் என்று பெயர். 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் உருவாக்கியது. எந்த வரியைக் கடைசியாக எழுதியவர் யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று அது காட்டிவிடும். அப்படிக் காட்டச் சொல்லும் கட்டளைக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரின் பொருள் ‘பழி’ என்பது. யார் மேல் பழி என்று பார்க்கப் போனால், பல நாள் தன் பெயரே வந்து நிற்கும் என்கிறான் என் மருமகன். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கம் இல்லை. வைத்தியர் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகப் பேசுகிறான்.

இது இன்று நேற்று வந்த சங்கதியன்று. 1949-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், எட்சாக் என்ற கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். அவர் அதற்காக எழுதிய ஆரம்ப காலப் புரோகிராம் ஒன்றில் 126 கட்டளைகள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 20 பிழைகள் இருந்ததைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம்முடைய பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்பது அந்த நாட்களிலேயே தமக்கு உறைத்துவிட்டதாக வில்க்ஸ் எழுதியிருக்கிறார். யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. இந்தத் தொழிலிலோ சறுக்கிய அடியைக் கண்டுபிடிப்பதே சம்பளத்துக்குரிய வேலை.

ஆகவே, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஓர் உண்மை ஐயமறத் தெரியும். தாங்கள் எழுதியதில் பிழை இருக்கும் என்பதே அந்த உண்மை. அதை வெளியே உள்ளவர்களுக்குச் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டா? சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? இதற்குப் பதிலாக, அதே இங்கிலாந்தில் ஐம்பது ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பார்க்கலாம்.

1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இருந்தது. கணிப்பொறி தந்த கணக்கைக் கோர்ட்டில் சாட்சியமாக வைப்பவர்கள், அந்த யந்திரம் ஒழுங்காக இயங்கியது என்று காட்டவேண்டும் என்றது அதன் ஒரு பிரிவு. 1999-இல் பார்லிமெண்டு அந்தப் பிரிவை நீக்க முடிவு செய்தது. அதன்பின், யந்திரம் சரியாகவே இயங்கியது என்று கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் காரணம் காட்டவேண்டும். அதே 1999-இல்தான் பிரிட்டிஷ் தபால் நிலையங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்குப் புரோகிராம் வந்து சேர்ந்தது.

அங்கே கிளைத் தபால் நிலையங்கள் பலவற்றை நடத்துகிறவர்கள் சிறு கடைக்காரர்கள். ஒரு பக்கம் ரொட்டியும் பத்திரிகையும் விற்பார்கள். மறு பக்கம் தபால் தலை விற்பார்கள், பென்ஷன் பணம் கொடுப்பார்கள். ஹொரைசன் வந்த பிறகு பலருடைய கணக்கில் பணம் குறைந்தது. நிர்வாகம் ஒப்பந்தத்தைக் காட்டி, குறைந்த பணத்தைக் கட்டு என்றது. வீட்டை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. உதவி கேட்டவர்களில் பலருக்கு, “வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லையே” என்று பதில் வந்தது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 2010-இல் கருவுற்றிருந்த ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

பிழை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்ற ஊர்க் கிளையில், 2015-இல், 8,000 பவுனை வேறொரு கிளைக்கு மாற்றப் பொத்தானை அழுத்தினார்கள். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார்கள். திரை அப்படியே நின்றது. ஆனால் உள்ளே ஒவ்வோர் அழுத்தலும் பதிவாயிற்று. நான்கு தடவை 8,000. இல்லாத 24,000 பவுனுக்கு ஒரு மனிதர் பொறுப்பாளி ஆனார்.

2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் அந்தப் புரோகிராமின் பிழைகளை எடுத்துக் காட்டித் தீர்ப்பளித்தது. 2021-இல் 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-இல் தனிச் சட்டமே இயற்றி நூற்றுக்கணக்கான தண்டனைகளை ரத்து செய்தார்கள். தீர்ப்பைக் காணாமலே இறந்துபோனவர்கள் பலர். அந்தப் புரோகிராமை நடத்தி வந்தது ஃபுஜிட்சு நிறுவனம். அதன் ஐரோப்பியத் தலைவர் 2024 ஜனவரியில் விசாரணை ஆணையத்தின் முன், பிழைகள் தொடக்கம் முதலே இருந்தன, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அது தெரியும் என்று ஒப்புக்கொண்டார்.

எல்லோருக்கும் தெரியும்! அப்படியானால் அத்தனை ஆண்டுகள் ஏன் வெளியே வரவில்லை? எல்லோரும் பொய்யர்களா? அப்படி எண்ணினால் விஷயம் எளிதாகிவிடும். பெரிய நிறுவனங்களில் வேலை பல கைகளுக்குப் பிரிந்து போகிறது. பிழையைத் தேடுகிறவன் ஓர் அறையில் இருக்கிறான். அவன் தன் குறிப்பேட்டில், “இன்ன கோளாறு, இன்ன கிளை, திருத்தப்பட்டது” என்று உண்மையாகவே எழுதுகிறான். வழக்குத் தொடுக்கிறவன் வேறோர் அறையில் இருக்கிறான். முதல் அறையில் இருப்பவனை யாரும் வந்து கேட்கவில்லை. கேட்காததை அவன் சொல்லவில்லை. தன் மேஜையைப் பொறுத்தவரையில் அவன் யோக்கியன்தான். அந்த யோக்கியத்தனத்தின் மறு பக்கத்தில் ஒரு கடைக்காரர் ஜெயிலில் இருக்கிறார்.

“குடும்பம் இருக்கிறது, வேலை போய்விட்டால்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லோரும் வீரர்களாக வேண்டும் என்று உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் வீரத்துக்கும் மௌனத்துக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. “இதில் பிழை இருக்க முடியுமா?” என்று கேட்டால், “இருக்க முடியும்” என்று சொல்வதற்குப் பெரிய வீரம் தேவையில்லை. பிழை யாருடைய பணத்தைத் தொட்டதோ அவருக்கு அதைத் தெரிவிக்கும்படி தன் மேலதிகாரிக்கு ஒரு வரி எழுதுவதும் முடியாத காரியமன்று. காலையில் பத்துப் பேர் நடுவில், “நான் எழுதியதில் கோளாறு” என்று கூசாமல் சொல்லப் பழகிய நாக்கு அது. அந்தப் பழக்கம் ஆபீஸ் வாசலோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை.

பழி அவர்களோடு மட்டும் நிற்பதுமில்லை. பாங்கியிலோ ரேஷன் கடையிலோ, “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது” என்று சொன்னதும், முன்னால் நிற்கும் கிழவியை விலக்கிவிட்டு அடுத்த ஆளாக நாம் போய் நிற்கிறோம். அவள் பொய் சொல்கிறாள் என்று நாம் சொல்லவில்லை. யந்திரம் தவறாது என்று மட்டும் உள்ளூர நம்புகிறோம். இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான். “இன்னொரு தடவை பாருங்கள், ஐயா. இதை எழுதினதும் மனிதர்கள்தானே?” என்று அந்த இடத்தில் நாம் கேட்கலாம். அந்தக் கிழவிக்காகக் கேட்க அப்போது அங்கே வேறு யாரும் இல்லை.