புகை வியாபாரமும் ஏழாங் கற்பனையும்



ஏழாங் கற்பனை பிறன் பொருளைத் திருடுவதை மாத்திரம் விலக்குகிறதென்று எண்ணாதீர்கள். கள்ள நிறையும், கள்ள அளவும், பிறனுக்கு வருவித்த நஷ்டத்தை ஈடுசெய்யாதிருப்பதும் அதே கற்பனைக்கு விரோதமே. மளிகைக் கடைத் தராசுக்குள்ள இந்த நியாயம், தேசங்கள் தங்களுக்குள் நடத்தும் ஒரு வியாபாரத்துக்கும் உண்டு.

அவ்வியாபாரத்தின் சரக்கு புகை. நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் உண்டாகும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. ஆகவே 1997-ல் ஜப்பானிலுள்ள கியோட்டோ நகரில் கூடிய தேசங்கள், செல்வ நாடுகள் விடும் புகைக்கு வரம்பு கட்டின. அந்த உடன்படிக்கை 2005-ல் அமலுக்கு வந்தது. வரம்பை மீறும் தேசம், வேறொரு தேசத்தில் குறைத்த புகையை டன் கணக்கில் விலைக்கு வாங்கித் தன் கணக்கில் வரவு வைக்க அது இடங்கொடுத்தது.

"இதென்ன வேடிக்கை?" என்று கேட்பீர்கள். இதில் நியாயமும் உண்டு. ஒரு டன் புகையைக் குறைக்க ஒரு நாட்டில் நூறு ரூபாயும், வேறொரு நாட்டில் பத்து ரூபாயும் செலவாகுமென்று வைத்துக்கொள்ளுங்கள். வானத்துக்கு வேலி இல்லை. எங்கே குறைந்தாலும் குறைந்ததே. ஆகவே செல்வ நாட்டுக்குச் செலவு மிச்சம். ஏழை நாட்டுக்கோ முதல் கிடைக்கும். நம் தமிழ்நாட்டுக் காற்றாலைகளிற் சிலவும் இவ்வழியில் பதிவு பெற்றன. ஆகையால் இந்தக் கொடுக்கல் வாங்கல் தன்னிலே பாவமன்று. தராசு நேராயிருக்கிறதா என்பதே கேள்வி.

பல தடவை அது நேராயிருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கான வாயுவைச் செய்யும்போது எச்.எப்.சி.-23 என்ற கழிவு வாயு பிறக்கிறது. அதில் ஒரு டன்னை அழித்தால் 11,700 டன் கரியமில வாயுவைக் குறைத்ததாக அக்காலத்தில் கணக்கிட்டார்கள். சீனாவிலும் இந்தியாவிலும் இருந்த ஆலைகளுக்கு, அழிக்கும் செலவைவிடப் பன்மடங்கு பணம் வந்தது. பணம் வரும் காலத்தில் கழிவு மிகுதியாகவும், வராத காலத்தில் குறைவாகவும் பிறந்ததைச் சில ஆலைகளில் ஆராய்ச்சியாளர் கண்டனர். எலி பிடித்தால் கூலி என்றதும் எலி வளர்த்த கதைதான்! 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சரக்கைத் தன் சந்தையிலிருந்து விலக்கியது.

இன்னொன்று கேளுங்கள். 1991-க்குப் பின் உக்ரைன் தேசத்தில் ஆலைகள் நொடித்துப் புகை தானாகக் குறைந்தது. ஆனால் வரம்போ 1990-ம் ஆண்டுக் கணக்கின்படி இருந்தது. மிஞ்சிய உரிமையில் 3 கோடி டன்னை 2009-ல் ஜப்பான் வாங்கிற்று. முயன்று குறைத்த புகையன்று அது.

இத்தகைய சரக்கு குவிந்து, வாங்குவோரும் குறைந்தபோது, 2008-ல் 20 யூரோவுக்கு மேல் விற்ற வரவுச்சீட்டு, 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. நேர்மையாய்ப் புகை குறைத்து அந்த வருமானத்தை நம்பியவர்களும் நஷ்டப்பட்டார்கள். கள்ளத் தராசு வாங்குகிறவனை மட்டுமல்ல, பக்கத்துக் கடை நல்ல வியாபாரியையும் கெடுக்கும்.

2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது நிருபத்தில் இதையே எச்சரித்தார்: இவ்வியாபாரம் புகையைக் குறைக்காமல், புதுவிதச் சூதாட்டமாகவும், சிலருடைய மிதமிஞ்சிய அனுபோகத்துக்குச் சாக்காகவும் முடியலாம் என்றார். அதே ஆண்டில் செய்த பாரிஸ் உடன்படிக்கையின்படி, விற்ற தேசம் அதே குறைப்பைத் தன் கணக்கிலும் எண்ணலாகாது. இவ்வியாபாரத்துக்கான விதிகள் 2024-ல் பாக்கு நகரில் முடிவாயின. தராசைத் திருத்த எடுத்த நல்ல முயற்சி இது. ஆனால் பொய்ச் சரக்கு மறுபடி நுழைந்தால் மிஞ்சும் புகை யார் தலையில் விடியும்? கடலோரக் குடிசைக்காரன் தலையிலும், மழையை நம்பும் உழவன் தலையிலுந்தான். அவனோ விற்கவுமில்லை, வாங்கவுமில்லை.

பிரியமானவர்களே, தேசங்களைக் குறைகூறுவது எளிது. நம் வீட்டுக் கணக்கு எப்படி? கலியாண விருந்தில் சோற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு, உண்டியலில் பத்து ரூபாய் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோமா? தர்மம் நல்லது, வீண்செலவுக்கு அது அனுமதிச் சீட்டாகாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அயலானுடைய புண்ணியத்தைக் காட்டி நம் கணக்கைத் தீர்க்க முடியுமா? சக்கேயு தான் வஞ்சித்ததற்கு நாலத்தனையாய்த் தானே திருப்பிக் கொடுக்க முன்வந்தான். ஆண்டவர் அவன் வீட்டுக்கு இரட்சணியம் வந்ததென்றார்.

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் தான் வீணாக்கும் ஒன்றைத் தானே குறைக்கக்கடவது. சர்வேசுரன் தந்த காற்றுக்கு நாம் சொந்தக்காரரல்ல, விசாரணைக்காரரே. அவர் கேட்கும்போது நேரான கணக்கைக் காட்ட அவரே நமக்கு வரப்பிரசாதம் அருள்வாராக. ஆமென்.