கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

மாத்தளை அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் ஏறியதாகப் பௌத்த மரபு சொல்கிறது. அதன் விநய விதிப்படி, நீரில் உயிர்கள் இருப்பது தெரிந்தும் அதைப் பிக்கு பருகலாகாது. அவருடைய எட்டு உடைமைகளில் நீர்வடிகட்டியும் ஒன்று. கண்ணில் எளிதில் படாத தீங்கைத் தடுப்பதும் அறத்தின் பாற்பட்டது என்பதே இதன் பொருள். ஏ9 வீதியில் ஆட்களை ஏற்றி ஓடும் வானுக்கும் இது பொருந்தும் என்பேன். ஒயில் ஃபில்டரின் மடிப்புத் தாளில் கரியும் உலோகத் துகளும் சிக்குகின்றன. தாள் அடைத்துக்கொண்டால் எஞ்சின் காய்ந்துவிடாதபடி பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஒயிலையே அனுப்பிவிடும். வண்டி ஓடும், உள்ளே பாகங்கள் தேயும். டீசல் ஃபில்டர் கொஞ்சம் நேர்மையானது, ஏற்றத்தில் இழுவை குறைந்து காட்டிக்கொடுக்கும்.

இயந்திரத்துக்கு உயிர் இல்லையே என்று கேட்கலாம். ஏறி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருக்கிறது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் வாகனப் பூசை செய்தாயிற்று, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பது இன்னும் வலுவான வாதம். ஆனால் மாசிமகத்துக்கு ஐந்து தேர் இழுக்கும் ஊர் இது. அச்சாணியைப் பாராமல் வடம் பிடிப்பதை இங்கே யாரும் பக்தி என்று சொல்லமாட்டார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் உதிரிப்பாக விலை ஏறியது உண்மைதான். அதைவிட எஞ்சின் விலை பயங்கரம். ஒயில் மாற்றும்போதெல்லாம் ஒயில் ஃபில்டரையும் மாற்றுவதே பாதுகாப்பு. டீசல் ஃபில்டருக்குத் தயாரிப்பாளர் கைநூல் சொல்லும் கிலோமீட்டரே கணக்கு. கானில் சேமித்த டீசலை ஊற்றியிருந்தால் அதற்கு முன்பே திறந்து, அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும்.