சிபாரிசும் முறையீடும்

மே மாதத்தின் கடைசி வாரத்தில் எந்த ஊரின் பள்ளிக்கூட வாசலுக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பட்டியலின் முன்னே பெற்றோர் கூடி நிற்பர். விரலை மேலிருந்து கீழாக ஒரு முறை ஓட்டிப் பார்த்த தந்தை, நம்பாமல் மீண்டும் கீழிருந்து மேலாக ஓட்டுவார். பெயர் இல்லை என்று உறுதியானதும், கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகத்தை நோக்கத் துணியாமல் வேறெங்கோ நோக்குவார். அந்நேரம் பின்னாலிருந்து ஒரு குரல் எழும்: "யாரையாவது பிடியுங்கள் பாய், காரியம் நடக்கும்."

இந்த "யாரையாவது பிடிப்பது" குறித்தே இங்கே சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம். உங்கள் பிள்ளைக்கு இடமில்லை என்று பள்ளி சொல்லிவிட்டால், பெற்றவர் அதை ஏற்றுக்கொண்டு ஒதுங்குவது முறையா, எதிர்த்துக் கேட்பது முறையா? கேட்பதாயின் எவ்வாறு கேட்பது? பள்ளியில் உள்ள இடங்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. நம் பிள்ளை அமர்ந்தால் இன்னொருவர் பிள்ளை எழ வேண்டியிருக்குமே என்ற உறுத்தலுக்கு என்ன விடை?

முதலில் நம்மைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. நாமும் சிபாரிசுக் கடிதங்கள் எழுதியவர்களே. எழுதத் தெரிந்தவர், நாலு பேருக்கு அறிமுகமானவர் என்ற பெயர் ஒருவருக்கு வந்துவிட்டால், ஜூன் மாதத்தில் அவர் வீட்டுத் திண்ணை காலியாக இராது. பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் மகனுக்காக, நமக்குப் பழக்கமான பள்ளித் தாளாளர் ஒருவருக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தோம். பையனுக்கு இடம் கிடைத்தது. உறவினர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது, மனநிறைவோடு உண்டோம். சில மாதங்கள் கழித்து, வேறொரு பேச்சின் நடுவே, அப்பள்ளியின் எழுத்தர் சொன்ன பிறகுதான் தெரிந்தது: பட்டியல் தயாரான பின்னர் ஒரு பெயர் அடிக்கப்பட்டு, அதன் மேல் நம் உறவினர் மகனின் பெயர் எழுதப்பட்டதாம். அடிக்கப்பட்டது எவர் பெயர் என்று கேட்டோம். அவருக்கு நினைவில்லை.

அந்த "நினைவில்லை" என்ற சொல் நம் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. சிபாரிசினால் நன்மை அடைந்தவருக்கு முகம் உண்டு. அவர் நம் வீடு தேடி வந்து நன்றி சொல்வார். இழந்தவருக்கு முகமே இல்லை. தமக்கு இழப்பு நேர்ந்தது என்பதைக்கூட அவர் அறியமாட்டார். பள்ளியின் ஒவ்வோர் இடமும் தாளாளரின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று பார்த்தால், அந்த அமானிதத்தை நான்கு வரிக் கடிதத்தால் இடம் மாற்றியவர்கள் நாமன்றோ?

அன்றிலிருந்து கடிதம் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். முடிவு செய்வது எளிதாக இருந்தது. அதற்குச் சோதனை வந்தபோதுதான் கடினமாயிற்று.

நம் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் தம் மகளுக்கு எல்.கே.ஜி. வகுப்பில் இடம் கேட்டு, ஏழை எளியோருக்கான ஒதுக்கீட்டில் விண்ணப்பித்திருந்தார். வீடு தொலைவில் இருக்கிறது என்று காரணம் காட்டி விண்ணப்பம் தள்ளப்பட்டது. நம்மிடம் வந்து, தாளாளருக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். கடிதம் தர இயலாது, வேண்டுமானால் அதிகாரிகளுக்கு முறையீடு எழுதித் தருகிறோம் என்றோம். அவர் சற்று நேரம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். "வசதியான சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதினீர்கள். எனக்கு மட்டும் சட்டம் பேசுகிறீர்களே காக்கா" என்றார்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. இன்றும் முழுமையான பதில் இல்லை. நேர்மை என்பது நமக்கு ஏற்படும் காலத்தில், அதன் விலையை ஏழை ஒருவன் கொடுக்கும்படி நேர்ந்தால் அது எத்தகைய நேர்மை? ஆயினும் மனுவைத்தான் எழுதினோம். ஏன் என்பதை விளக்க, வேறு நாடுகளில் பெற்றோர் நடத்திய இரண்டு வழக்குகளை வாசகர் முன் வைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1884ஆம் ஆண்டு, ஜோசப் டேப், மேரி டேப் என்னும் சீனத் தம்பதியர், அந்நாட்டிலேயே பிறந்த தம் எட்டு வயது மகள் மேமியை ஸ்பிரிங் வேலி என்னும் பள்ளியில் சேர்க்கச் சென்றனர். சீனக் குழந்தை என்பதனால் தலைமை ஆசிரியை மறுத்தார். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் 1885ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அதன் பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. சீனக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி அமைக்கலாம் என்று மாநிலச் சட்டமன்றம் அவசரமாகச் சட்டம் இயற்றியது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேமி மீண்டும் பள்ளிக்குச் சென்றபோது, அம்மை குத்திய சான்று இல்லை, வகுப்பில் இடமும் இல்லை என்று திருப்பி அனுப்பினர். ஏப்ரல் மாதத்தில் தனிப் பள்ளி திறக்கப்பட்டது. மேமி அங்கேதான் படிக்க நேர்ந்தது.

தாய் மேரி கல்விக் குழுவினருக்குச் சினம் கொப்பளிக்க ஒரு கடிதம் எழுதினார். செய்தித்தாளில் அது வெளிவந்தது. அக்கடிதத்தில் நம்மைச் சிந்திக்க வைக்கும் ஓரிடம் உண்டு. தம் மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து வெள்ளையர் குழந்தைகளோடுதான் விளையாடி வருகிறாள் என்று அவர் வாதிடுகிறார். "என் பிள்ளை மற்றச் சீனப் பிள்ளைகளைப் போன்றவள் அல்லள்" என்ற தொனி அதில் ஒலிக்கிறது. அந்தத் தாயை நாம் குறை சொல்ல வரவில்லை. அவர் நிலையில் எவரும் கைக்குக் கிடைத்த வாதத்தையே பற்றிக்கொள்வர். ஆனால் நியாயமான முறையீடுகூட எத்தனை எளிதில் சிபாரிசின் மொழிக்குள் சறுக்கி விழுகிறது என்பதைப் பாருங்கள்.

மற்றொன்று கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் நிகழ்ந்தது. ஆலிவர் பிரவுன் என்னும் கறுப்பினத் தந்தை, ரயில்வேயில் பற்றவைப்பு வேலை செய்தவர். வீட்டிலிருந்து சில தெருக்களே தள்ளியிருந்த பள்ளியில் தம் மகள் லிண்டாவைச் சேர்க்க முயன்றார். அது வெள்ளையர் பள்ளி என்று மறுக்கப்பட்டது. 1951இல் 13 பெற்றோர் தங்கள் 20 பிள்ளைகளுக்காக வழக்குத் தொடுத்தனர். அதில் பிரவுனின் பெயர் முதலில் இருந்தது. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், அரசுப் பள்ளிகளில் இனம் பிரித்து வைத்தல் சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வந்தபோது லிண்டா தொடக்கப் பள்ளியைக் கடந்துவிட்டிருந்தாள். அவள் அப்போது பயின்ற நடுநிலைப் பள்ளியிலோ அந்நகரில் ஏற்கனவே இரு இனத்துப் பிள்ளைகளும் கலந்தே படித்தனர். தந்தை எந்தப் பள்ளியைக் கேட்டு வழக்காடினாரோ அந்தப் பள்ளி மகளுக்குக் கிடைக்கவேயில்லை.

இவ்விரு வழக்குகளிலும் பெற்றோர் தம் சொந்தப் பிள்ளைக்காகவே புறப்பட்டனர். அதில் தவறொன்றும் இல்லை. தன் பிள்ளையின் பொருட்டு வருந்தாதவர் பிறர் பிள்ளைக்காக வருந்துவார் என்று நாம் நம்புவதில்லை. ஆனால் அவர்கள் எடுத்து வைத்த காரணம், அவர்களை அறியாமலேயே, பிறர் பிள்ளைகளுக்கும் பொருந்தும் காரணமாக இருந்தது. சிபாரிசு எழுதுபவர் விதியைச் சற்று வளைக்கும்படி கேட்கிறார். அந்த வளைவு ஒருவருக்கு மட்டுமே பயன்படும். முறையிடுபவர் விதியைப் பொதுவில் விரித்துப் படித்துக் காட்டும்படி கேட்கிறார். விதி தமக்குப் பாதகமாக இருந்தால் தோற்கவும் அவர் ஒப்புக்கொண்டாக வேண்டும். தோற்க ஒப்பாதவர் எழுதும் மனு, முத்திரை ஒட்டிய சிபாரிசாகவே இருக்கும்.

அவ்வாறாயின் பேசாமல் ஒதுங்கிவிடுவதே மேல் என்பாரும் நம்மிடையே உண்டு. "நஸீபில் இல்லை, விடு" என்பார்கள். இந்தப் பொறுமையை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். வசதி உள்ளவர் தம் பிள்ளை விஷயத்தில் இந்தச் சொல்லைச் சொல்லி நாம் கேட்டதில்லை. அவர் அடுத்த பள்ளிக்கு நன்கொடைப் பணத்தோடு போய்விடுவார். தவறாகத் தள்ளப்பட்ட ஒரு விண்ணப்பத்தைக் குறித்து எவரும் கேளாவிடில், அதே தவறு அடுத்த ஆண்டு இன்னும் பல பிள்ளைகள் மேல் விழும்.

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் வெறுங்கையோடு நம்மை நிறுத்தவில்லை. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காக நன்கொடை வாங்குவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதையும் 13ஆம் பிரிவில் தடுக்கிறது. வயதுச் சான்று இல்லை என்ற ஒரே காரணத்தால் தொடக்கக் கல்வியை மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை அக்கம்பக்கத்து எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. இவை மீறப்பட்டால் எழுத்தில் முறையிடலாம்; உள்ளாட்சி அமைப்பு இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; அதிலும் மனநிறைவு இல்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 32ஆம் பிரிவு. மூன்று மாதம் என்பது ஒரு பிள்ளையின் வாழ்வில் எவ்வளவு நீண்ட காலம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணினார்களோ இல்லையோ!

இடம் எண்ணிக்கைக்கு உட்பட்டது என்ற உறுத்தலுக்கு இங்கிலாந்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே இடம் மறுக்கப்பட்ட பெற்றோர் பள்ளியைச் சாராத ஒரு குழுவின் முன் வழக்குரைக்கலாம். பள்ளி தன் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றியதா என்று குழு முதலில் பார்க்கும். பின்பற்றியிருப்பினும், இன்னும் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதால் பள்ளிக்கு நேரும் சிரமத்தையும், சேராததால் அப்பிள்ளைக்கு நேரும் இழப்பையும் எடைபோடும். குழுவின் முடிவு பள்ளியைக் கட்டுப்படுத்தும். வென்ற பிள்ளைக்காக ஏற்கனவே சேர்ந்த எவரும் எழுப்பப்படுவதில்லை. ஒரு நாற்காலி கூடுதலாகப் போடப்படும். ஆனால் சிறு குழந்தைகளின் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பேருக்கு மேல் இருக்கலாகாது என்ற வரம்பு இருப்பதால், அவ்வகுப்புகளில் வெல்வது அரிது.

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அத்தீர்ப்பின் மேல் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது. நீதிமன்றம் எப்படி முடிவு செய்யினும், நம் சமுதாயத்துப் பள்ளிகளின் நிர்வாகிகளை நோக்கி நாம் கேட்பது ஒன்றே. நிறுவனங்களை நாமே நடத்தும் உரிமை பெரிய உரிமை. அதைக் காக்க வேண்டியதில் இரு கருத்து இல்லை. ஆயினும் அந்த உரிமையின் நிழலில், நம் மஹல்லாவின் ஏழைத் தந்தை ஒருவர் "என் பிள்ளையை ஏன் சேர்க்கவில்லை?" என்று கேட்டால் பதில் சொல்ல எவரும் கடமைப்பட்டவர் இல்லை என்ற நிலை உண்டாகியிருக்கிறதே, அது நமக்கு அழகா? மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவும், தாளாளரின் உறவினர் அல்லாத மூவர் அமர்ந்து முறையீட்டைக் கேட்கவும் எந்தச் சட்டத்தின் உத்தரவும் தேவையில்லை. அதற்கு ஒரு மேசையும் ஒரு பிற்பகலும் போதும்.

தையற்கார அன்பரின் மனு என்னவாயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அதிகாரிகள் வந்து தெருவை அளந்தனர். வீடு ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள்ளேயே இருந்தது. வரைபடத்தில் நம் தெருவின் பின்பகுதி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. தவறு திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் குலுக்கல் முடிந்து இடங்கள் நிரம்பிவிட்டன. அவர் மகள் நகராட்சிப் பள்ளியில் சேர்ந்தாள். அடுத்த ஆண்டு அதே பின்தெருவிலிருந்து விண்ணப்பித்தவர்கள் எவரும் தொலைவு என்று தள்ளப்படவில்லை. இரு பிள்ளைகளுக்குக் குலுக்கலில் இடமும் கிடைத்தது. அக்குடும்பத்தினர் யாருக்கும் முந்திய ஆண்டு நடந்தது தெரியாது.

அன்பர் நம்மோடு முன்போல் அதிகம் பேசுவதில்லை. சலாம் சொல்வதோடு சரி. சென்ற மாதம் முன்பின் அறியாத ஒருவர், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு நம் திண்ணைக்கு வந்தார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டோம். "தையற்கடைக்காரர்தான். அங்கே கடிதம் கேட்காதே, தரமாட்டார், மனு எழுதச் சொல், உட்கார்ந்து எழுதுவார் என்றார்" என்றார். உள்ளே சென்று பேனாவை எடுத்து வந்தோம்.