கைதியின் சொல்லும் அமானிதமே

திருச்சிராப்பள்ளி நத்ஹர் வலி தர்கா வளாகத்தில் பகைவர் இருவர் அடங்கியிருக்கின்றனர். ஒருவர் சந்தா சாகிபு. மற்றவர் நவாபு முகம்மது அலி வாலாஜா. கர்நாடகத்தின் ஆட்சிக்காக ஒருவரையொருவர் எதிர்த்துப் படை நடத்திய இவ்விருவரையும் ஒரே மண் ஏற்றுக்கொண்டுவிட்டது.

சந்தா சாகிபு போர்க்களத்தில் வீழ்ந்தவர் அல்லர். 1752ஆம் ஆண்டில் அவர் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். கோட்டைக்குள் இருந்த முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. லாரன்சும் கிளைவும் படையுடன் வந்து சேரவே, பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவுக்குள் பின்வாங்கினார். சந்தா சாகிபும் உடன் சென்றார். உணவு வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. தப்ப வழி தேடிய சந்தா சாகிபு, எதிரணியிலிருந்த தஞ்சைத் தளபதி மானோஜியிடம் தூது விட்டார். பத்திரமாக வெளியேற்றி விடுவதாக மானோஜி சத்தியம் செய்து கொடுத்தார். அதை நம்பிச் சென்றவருக்குக் கிடைத்தது விலங்கு. அந்தக் கைதி யாருக்குரியவர் என்று கூட்டாளிகளுக்குள் பூசல் எழுந்தது. ஜூன் மாதத்தில், மானோஜியின் ஆணைப்படி, அவருடைய தலை துண்டிக்கப்பட்டது.

சந்தா சாகிபு மாசற்றவர் என்று வாதிட நாம் முன்வரவில்லை. இதே திருச்சியை அவர் ராணி மீனாட்சியிடமிருந்து பெற்றது, திருமறையின் மீது செய்த சத்தியத்தை மீறியே என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வாக்கை மீறியவனுக்குக் கொடுத்த வாக்கு, வாக்கு இல்லையென்று ஆகிவிடுமா? நம் கைக்குள் வந்துவிட்ட பகைவனுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது என்ன?

திருவரங்கத்தில் எழுந்த இக்கேள்வி, இரண்டாம் உலகப் போரில் வேறொரு வடிவில் மீண்டும் எழுந்தது. அட்லாண்டிக் பெருங்கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்த காலம் அது. அச்சரக்குக் கப்பல்களில் லஸ்கர்கள் எனப்பட்ட நம் நாட்டு மாலுமிகள் பல்லாயிரவர் உழைத்தனர்; அவர்களுள் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். நீர்மூழ்கி தாக்குண்டு அழியும்போது, உயிர் பிழைத்து மிதந்த ஜெர்மானியரை நேசநாட்டுக் கப்பல்கள் மீட்டுக் கைதிகளாக்கின. அவர்களின் நெஞ்சில் இருந்த இரகசியம் ஒவ்வொன்றும் பல கப்பல்களின் உயிர்.

1929ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி, கைதி தன் பெயரையும் பதவியையும், அல்லது தன் எண்ணை மட்டும் சொன்னால் போதும். வேறு செய்திக்காக அவனை வதைப்பதும் அச்சுறுத்துவதும் குற்றம். ஆங்கிலேயர் வேறு வழி கண்டனர். லண்டனுக்கு வடக்கேயுள்ள டிரெண்ட் பார்க் மாளிகையிலும், பின்னர் வேறு இரு மாளிகைகளிலும், விளக்குகளுக்குள்ளும் கணப்படுப்புகளுக்குள்ளும் ஒலிவாங்கிகளை மறைத்து வைத்தனர். விசாரணையில் வாய் திறவாதவன், அறைக்குத் திரும்பியதும் தோழனிடம் மனம் திறந்து பேசினான். வேறோர் அறையில் இருந்தவர்கள் அதைக் கேட்டு இசைத்தட்டுகளில் பதிந்தனர். கேட்டவர்களுள் பலர் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூத அகதிகள். கப்பலின் சுழல்விசிறி ஒலியைத் தேடிச் சென்று தாக்கும் டார்பிடோவை 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் ஏவத் தொடங்கியபோது, பிரிட்டிஷ் கடற்படை அதைப் பற்றி முன்னரே அறிந்திருந்தது. கைதிகளின் பேச்சும் அந்த அறிவுக்கு ஒரு வாயில். கப்பலுக்குப் பின்னால் இரைச்சல் எழுப்பும் கருவியை இழுத்துச் சென்று, டார்பிடோவைத் திசைமாற்றும் முறை விரைவிலேயே நடைமுறைக்கு வந்தது.

பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருமறை தடுத்திருக்கிறது. அப்படியிருக்க, இச்செயலை என்னவென்பது? கடலில் தத்தளிக்கும் மாலுமியின் நிலையிலிருந்து பார்த்தால், அந்த ஒலிவாங்கியை நாம் எளிதில் இகழ்ந்துவிட முடியாது. போரில் பகைவனின் செய்தியை அறிவது தற்காப்பாகும். பத்ருப் போருக்கு முன் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். குறைஷிகளுக்குத் தண்ணீர் சுமந்த இருவர் பிடிபட்டனர். நாங்கள் குறைஷிப் படையினர் என்று அவர்கள் உண்மை சொன்னபோது தோழர்கள் அடித்தனர். அபூசுஃப்யானின் ஆட்கள் என்று பொய் சொன்னபோது விட்டுவிட்டனர். தொழுகையை முடித்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இந்த முரணைச் சுட்டிக் கண்டித்தார்கள். பின்னர், அப்படையில் நாளொன்றுக்கு எத்தனை ஒட்டகங்கள் அறுக்கப்படுகின்றன என்று அமைதியாக வினவினார்கள். ஒருநாள் ஒன்பது, ஒருநாள் பத்து என்றனர் அவர்கள். படையினர் தொள்ளாயிரத்திற்கும் ஆயிரத்திற்கும் இடைப்பட்டோர் என்பது அதிலிருந்தே விளங்கிவிட்டது. அடி பொய்யைப் பெற்றது. அமைதியான கேள்வி உண்மையைப் பெற்றது.

ஆகவே கேட்பது பாவமன்று என்று கொள்வோம். ஆனால் கேட்டு முடித்த பின்?

வெர்னர் டிரெக்ஸ்லர் என்பவர் 1943 ஜூனில் மூழ்கடிக்கப்பட்ட யூ-118 என்னும் நீர்மூழ்கியின் மாலுமி. நாஜி அரசை வெறுத்தவர். அமெரிக்கரிடம் கைதியானபின் அவர்களுக்கு உதவ இசைந்தார். வேறு பெயருடன் புதுக் கைதிகளோடு தங்கி, அவர்களைப் பேச வைத்தார். பல மாதங்கள் இப்பணி நடந்தது. கடற்படைக் கைதிகள் இருக்கும் முகாமுக்கு அவரை அனுப்பலாகாது என்ற எச்சரிக்கை இருந்தும், 1944 மார்ச் 12 அன்று அவர் அரிசோனா மாநிலத்தின் பாபகோ பார்க் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்தவர்களோ நீர்மூழ்கி மாலுமிகள்; அவருடைய பழைய தோழர்கள் சிலரும் இருந்தனர். கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டனர். அன்றிரவே அவரை அடித்துத் தூக்கிலிட்டனர். அக்குற்றத்துக்காக ஜெர்மானியக் கைதிகள் எழுவர் 1945 ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர்.

எட்டு உயிர்கள் போயின. டிரெக்ஸ்லரைக் கொன்றவர்கள் தண்டனை அடைந்தனர். அவருடைய சொல்லால் பயனடைந்துவிட்டு, அவருடைய உயிரைக் காக்க மறந்தவர்களின் குற்றத்தை எந்த மன்றம் விசாரித்தது? திருவரங்கத்தில் நடந்தது வஞ்சகம். அரிசோனாவில் நடந்தது கவனக்குறைவு. ஆயினும் நம்பியவன் கண்ட முடிவு இரண்டிலும் ஒன்றே.

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாரெனில், அது அமானிதம் என்று நபிமொழி நமக்குக் கற்பிக்கிறது. அந்தப் பார்வையின் பொருள் என்ன? இதனால் எனக்குத் தீங்கு வரலாம். உன்னை நம்பியிருக்கிறேன் என்பதன்றோ? சொல்லைப் பெற்றுக்கொண்டவன், சொன்னவனின் பாதுகாப்பையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறான். செய்தியின் தேவை ஒருநாள் தீர்ந்துவிடும், பொறுப்பு தீராது.

இதற்குப் போர்க்களம்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு கடையில் சரக்கு களவு போவதை, அங்கு வேலை பார்க்கும் சிறுவன் முதலாளியிடம் இரகசியமாகச் சொல்கிறான். மறுநாள் எல்லார் முன்னிலையிலும், "இந்தப் பையன்தான் சொன்னான்" என்று முதலாளி கூறிவிடுகிறார். களவு நின்றுவிடும், ஆனால் அன்று மாலை கடை அடைத்தபின் அச்சிறுவன் யாருடன் வீடு திரும்புவான்? தாயிடம் மனம் திறந்த மகளின் துயரம், மறுவாரம் உறவினர் கூடிய வீட்டில் பேச்சுப் பொருளாகிறது. அடுத்த முறை அவள் வாய் திறப்பாளா?

உண்மையைச் சொல்லும்படி பிறரை நாம் வற்புறுத்துகிறோம். சொன்னவரைக் காக்கும் கடமையை மட்டும் மறந்துவிடுகிறோம். பகைவனான கைதிக்கே இந்த உரிமை உண்டென்றால், நம் வீட்டுக் கூரையின்கீழ் நம்மை நம்பி வாய் திறப்பவருக்கு எவ்வளவு உண்டு? சிந்திப்போமாக.